தடித்த கால்நகங்கள்: காரணங்களும் பராமரிப்பும்

திருவனந்தபுரத்துப் பழவங்காடிக் கணபதி கோயிலுக்கு வருவோர் காலணியைக் கழற்றிவிட்டு, நேர்த்திக்கடனாகத் தேங்காய் உடைப்பர். நகரின் இப்பகுதி தாழ்ந்த நிலம். அடுத்துள்ள கிழக்கேகோட்டையிலும் தம்பானூரிலும் பெருமழையின்போது நீர் தேங்குவது பழைய தொல்லை. 2015 ஆம் ஆண்டில் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் வடிகால்கள் சீர்செய்யப்பட்டது இதன் பொருட்டே. அருகிலுள்ள சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்குவோரும் தெருவோரம் விற்பனை செய்வோரும் மழைக்காலத்தில் நெடுநேரம் ஈரக்காலுடன் நிற்க நேரிடுகிறது. இத்தகைய இடங்களில் பணியாற்றுவோர் மஞ்சள் நிறமடைந்து தடித்த கால்நகங்களைக் காண்பது அரிதன்று. அவற்றை முதுமையின் விளைவு என்று விட்டுவிடுவதும், பூசணம் என்று உடனே மருந்து கொடுப்பதும் ஒருங்கே தவறாகும்.

நகம் என்பது கெராட்டின் என்னும் புரதத்தால் ஆன உயிரற்ற தகடு. தோல் மடிப்பினுள் மறைந்திருக்கும் வேர்ப்பகுதியே அதனை உண்டாக்குகிறது. கால்நகம் மாதத்திற்குச் சுமார் 1.5 மில்லிமீட்டரே வளர்வதால், பெருவிரல் நகம் முழுவதும் புதிதாக 12 முதல் 18 மாதங்கள் ஆகும். இரண்டு மாதத்தில் குணம் தெரியவில்லை என்று சிகிச்சையை நிறுத்துவோருக்கு இக்கணக்கை எடுத்துரைப்பது நன்று.

இறுக்கமான காலணியாலோ, பாரம் விழுவதாலோ வேர்ப்பகுதி அடிக்கடி நசுங்கினால் நகம் தடித்து வளரும். முதியோரிடம் வளர்ச்சி தளர்ந்து, வெட்டப்படாத நகம் ஆட்டுக்கொம்புபோல் வளைவதும் உண்டு. சொரியாசிஸ் நோயில் நகத்தின்மேல் ஊசி குத்தியதுபோன்ற குழிகள் தோன்றும். முழங்கை, முழங்கால்களில் செதிள் படைகளையும் தேடிப் பார்த்தல் வேண்டும்.

உருக்குலைந்த நகங்களில் ஏறக்குறைய பாதியே பூசணத்தால் நேர்பவை. டிரைக்கோபைட்டான் ரூப்ரம் என்னும் பூசணம் கெராட்டினையே உணவாகக் கொள்வது. பெரும்பாலும் விரலிடுக்கின் அரிப்பில் தொடங்கி, நகத்தின் நுனிவழியே உட்புகும். நகத்தின் அடியிலிருந்து சுரண்டிய துகளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிலிட்டு நுண்ணோக்கியில் நோக்கினால் பூசண இழைகள் தெரியும். இச்சோதனை மருந்துக்கு முன்னரே நடைபெறவேண்டும். 1939 இல் பிரித்தெடுக்கப்பட்ட கிரிசியோபல்வின் 1958 முதல் உள்மருந்தாகப் பயன்பட்டது. கால்நகத்திற்கு அதனை ஓராண்டுக்கு மேலும் உட்கொள்ள நேர்ந்தது. இக்காலத்தில் டெர்பினாபின் வழக்கமாக நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் வீதம் 12 வாரங்கள் தரப்படுகிறது. கல்லீரலைத் தாக்கக்கூடுமாதலால் மருத்துவர் மேற்பார்வை இன்றியமையாதது. மருதாணி பூசும் வழக்கம் பூசணத்தை நீக்காது. நகத்தின் நிறமாற்றத்தை மறைத்து, பார்ப்பவரையும் ஏமாற்றிவிடும். ஒரே நகத்தில் புதிதாகக் கருங்கோடு தோன்றி அகன்றுவந்தால் புற்றுநோயோ என்று ஆராய்தல் வேண்டும்.

தடித்த நகத்தால் பேராபத்து அடைவோர் நீரிழிவினாலோ தொழுநோயினாலோ கால் உணர்ச்சி குன்றியவர்கள். நகம் அடிச்சதையை அழுத்தும்போது பிறர் வலியால் நின்றுவிடுவர்; இவர்களோ நகத்தடியில் புண் ஏற்பட்டும் நடந்துகொண்டேயிருப்பர். தொழுநோயாளரின் புண்களுக்குச் சதை தானே அழுகுவது காரணமன்று, வலியறியாது காலைப் பயன்படுத்துவதே காரணம் என்பதை வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டு எடுத்துக்காட்டினார்.

உணர்ச்சியை அறியக் கருவி வேண்டியதில்லை. நோயாளி கண்களை மூடியிருக்க, இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் நுனிகளை ஓரிரு விநாடி மென்மையாகத் தொடுதல் வேண்டும், அழுத்தலாகாது. ஆறில் இரண்டோ, அதற்கு மேலோ தெரியாவிடின் அவரை மருத்துவரிடம் அனுப்புக. அத்தகையவர் தம் நகத்தைத் தாமே செதுக்கலாகாது. வெந்நீரில் கால் ஊறவைப்பதும் கூடாது, சூடு தெரியாது வெந்துபோகக்கூடும்.

உணர்ச்சி குன்றாத பிறர், வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நகத்தை நேர்க்கோட்டில் சிறிது சிறிதாக வெட்டி, அரத்தால் மெல்லத் தேய்க்கலாம். மூலைகளைத் தோண்டினால் நகம் சதையில் புகுந்துவிடும். விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்தல் வேண்டும். நனைந்த காலணியை முற்றிலும் உலரவிட்டே மறுபடி அணிக. நகவெட்டி ஆளுக்கொன்றாக இருத்தல் வேண்டும். விடுதி மாணவரிடையே ஒன்றே பலர் கைக்கு மாறுவதை ஆசிரியர்கள் தடுக்கலாம்.