ஏழு தீவுகளும் ஒரு தீவும்

(பயணக் கட்டுரை)

நுழையும்முன்

மும்பையில் வாழும் நாம் நாள்தோறும் தொடர்வண்டியிலும் பேருந்திலும் தீவு விட்டுத் தீவு செல்கிறோம். ஆனால், அதனை உணர்வதில்லை. எலிஃபண்டா தீவுக்கு வகுப்பினருடன் சென்றுவந்த மாணவி ஒருவர், அவ்வுண்மையைத் தாம் உணர்ந்த விதத்தை இப்பாடத்தில் விவரிக்கிறார்.

புறப்பாடு

குளிர்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை எட்டு மணிக்கு மாட்டுங்கா தொடர்வண்டி நிலையத்தில் நாங்கள் கூடினோம். எலிஃபண்டாக் குகைகள் திங்கட்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும் என்பதால், முன்பே நாளைத் தேர்ந்து வைத்திருந்தார் எங்கள் தமிழாசிரியை.

“அம்மா, தீவுக்குச் செல்ல இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?” என்று வண்டியில் ஏறியதும் ஒருவன் கேட்டான்.

“தீவில்தான் இப்பொழுதும் இருக்கிறாய்” என்றார் ஆசிரியை. நாங்கள் அதனைக் கேட்டுச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

“கொலாபா, சிறிய கொலாபா, பம்பாய், மஜ்காவ், பரேல், வொர்லி, மாஹிம் என்று ஏழு தீவுகள் இங்கே தனித்தனியே இருந்தன. கோலி மீனவர்கள் அவற்றில் வாழ்ந்தனர். அவர்கள் வழிபட்ட மும்பாதேவியின் பெயரே இன்று நகரின் பெயராக விளங்குகிறது. 1661ஆம் ஆண்டின் திருமண உடன்படிக்கையால் போர்த்துகீசியரிடமிருந்து இங்கிலாந்து மன்னருக்குக் கிடைத்த பம்பாயை, 1668இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்டுக்குப் பத்துப் பவுன் குத்தகைக்குப் பெற்றது. பின்னர், அணை கட்டியும் குன்றுகளை வெட்டி மண் கொட்டியும் தீவுகளுக்கு இடையே இருந்த நீரை நிலமாக்கினர். 1838இல் கொலாபா இணைந்தது. 1845இல் மாஹிமுக்கும் பாந்த்ராவுக்கும் இடையே கழியின்மீது பாதை திறக்கப்பட்டது.”

செம்பூரிலிருந்து வரும் மாணவர்களை நோக்கி அவர், “நீங்கள் பள்ளிக்கு வரும்போது சயானுக்கு அருகில் பழைய கழி ஒன்றைக் கடக்கிறீர்கள். அக்காலத்தில் அதற்கு ஓடம் தேவைப்பட்டிருக்கும்” என்றார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

பைகுலா நிலையம் வந்தபோது, “இவ்வூர் அருங்காட்சியகத் தோட்டத்தில் ஒரு கல்யானை நிற்கிறது. அதன் சொந்த ஊருக்குத்தான் நாம் செல்கிறோம்” என்று ஆசிரியை கூறினார்.

படகில்

1924ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட இந்திய நுழைவாயிலின் அருகே படகேறினோம். அனைவரும் உயிர்காப்புச் சட்டை அணிந்த பின்னரே ஆசிரியை எங்களை அமரச் செய்தார். 2024 டிசம்பரில் இதே வழியில் சென்ற பயணிகள் படகின்மீது விரைவுப்படகு ஒன்று மோதிப் பலர் உயிரிழந்ததை அவர் நினைவூட்டியபோது, சட்டை வெப்பமாக இருக்கிறது என்று முணுமுணுத்தவர்களும் அமைதியாயினர்.

நகரின் மாடங்கள் சிறுத்துப் பின்னே சென்றன. கடற்காகங்கள் படகைத் தொடர்ந்து பறந்தன. எண்ணெய்க் கப்பல்கள் சரக்கு இறக்கும் ஜவாஹர் தீவினைத் தொலைவிலிருந்தே கண்டோம். அங்கே பொதுமக்கள் இறங்க இயலாது. வடக்கே, 2024இல் திறக்கப்பட்ட அடல் சேது நீண்ட கோடுபோல் தெரிந்தது. ஏறத்தாழ ஒருமணி நேரம் சென்றபின், பசுமையான குன்றுகளை உடைய தீவு எதிரே எழுந்தது. அதன் கரையில் அலையாத்திக் காடுகள் சேற்றில் வேரூன்றி நின்றன.

“ஏழு தீவுகளும் முற்காலத்தில் ஏறத்தாழ இப்படித்தான் இருந்திருக்கும்” என்றார் ஆசிரியை.

குகைகளும் ஊர் மக்களும்

இத்தீவின் உள்ளூர்ப் பெயர் காராபுரி. துறைக்கருகே நின்ற பெரிய கல்யானையைக் கண்ட போர்த்துகீசியர் இதனை எலிஃபண்டா என அழைத்தனர். அந்த யானையை 1864இல் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்ல முயன்றபோது அது விழுந்து உடைந்தது. பிற்காலத்தில் துண்டுகளைப் பொருத்திப் பைகுலாவில் நிறுத்தினர். ஊருக்குப் பெயர் தந்த யானை ஊரில் இல்லை என்பதை எண்ணியபடியே படிகளில் ஏறினோம்.

பெரிய குடைவரை ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வரிசையாக நின்ற தூண்களைக் கடந்து உள்ளே சென்றால், சுமார் 20 அடி உயரமுள்ள மும்முகச் சிவன் கண்மூடி அமைதியில் ஆழ்ந்திருக்கிறார். அர்த்தநாரியும் கங்காதரரும் இருபுறமும் உள்ளனர். நடராசரின் உடைந்த கைகள் எங்கள் மனத்தை வருத்தின. 1987இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

திரும்பும் வழியில் மோர்பந்தர், ராஜ்பந்தர், சேத்பந்தர் என்னும் மூன்று சிற்றூர்கள் இங்கிருப்பதை அறிந்தோம். மாநகரின் ஒளி ஒவ்வோர் இரவும் கண்ணுக்கெட்டிய தொலைவில் தெரிய, இம்மக்கள் நெடுங்காலம் மின்னாக்கிப் பொறியின் சில மணிநேர வெளிச்சத்தை நம்பியே வாழ்ந்தனர். விடுதலைக்கு எழுபது ஆண்டுகளுக்குப் பின், 2018இல்தான் கடலடி மின்வடம் வழியாக இவ்வூர்களுக்கு மின்சாரம் வந்தது. இடையில் இருப்பது பத்துக் கிலோமீட்டர் கடல் மட்டுமே.

திரும்பும் படகில்

மாலையில் படகு திரும்பியது. தாராவியில் வாழும் என் தோழி நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பின்பு, “அம்மா, எங்கள் ஆச்சி ஒன்று சொல்வார். அவருடைய மாமனார் திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவராம். கழியோரச் சேற்றில் கல்லும் மண்ணும் கொட்டி மேடாக்கி, அதன்மேல் குடிசை போட்டார்களாம். மழை வந்தால் தரை தாழுமாம், மறுபடியும் கொட்டுவார்களாம். ஆச்சி கதை சொல்கிறார் என்றே நான் நினைத்திருந்தேன்” என்றாள்.

ஆசிரியை அவள் தோளில் கைவைத்தார். “வொர்லிப் பக்கத்துக் கடலை அடைத்த அணைக்கு ஆளுநர் ஹார்ன்பியின் பெயர் உண்டு. மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. உன் ஆச்சி சொல்வது கதையன்று, வரலாறு. அதனை எழுதி வை” என்றார்.

“நிலமாக்கியது நல்லதுதானே, அம்மா?” என்று நான் கேட்டேன்.

“வாழ இடம் தேவைப்பட்டது. ஆனால், நீர் தன் வழியை மறப்பதில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு கரைகடந்தது. நீர் வடிய வேண்டிய சதுப்புநிலங்கள் சுருங்கியிருந்ததால் துன்பம் பெருகியது. காராபுரிக் கரையில் கண்ட அலையாத்திக் காடுகள் நம் மித்திக் கரையிலும் உள்ளன. எஞ்சியவற்றைக் காப்பது உங்கள் தலைமுறையின் பொறுப்பு.”

நுழைவாயில் நெருங்கியது. காலையில் கரை என்று நினைத்து நாங்கள் புறப்பட்ட இடம், மாலையில் மற்றொரு தீவாகத் தெரிந்தது.

அருஞ்சொற்பொருள்

கழி – கடல்நீர் நிலத்தினுள் புகும் குறுகிய நீர்வழி
குடைவரை – பாறையைக் குடைந்து அமைத்த கோயில்
துறை – படகு வந்து நிற்கும் இடம்
வடம் – பெரிய கயிறு. இங்கு மின்கம்பிக் கட்டு

பயிற்சி

அ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. எலிஃபண்டா என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. தாராவித் தோழியின் ஆச்சி கூறிய செய்தி யாது?

ஆ) சுருக்கமாக விடை எழுதுக.
“நீர் தன் வழியை மறப்பதில்லை” – ஆசிரியை இவ்வாறு கூறியதன் காரணத்தை விளக்குக.

இ) பிரித்து எழுதுக.
1. கடலடி 2. வேரூன்றி 3. கல்யானை

ஈ) பெயரெச்சம், வினையெச்சம் என வகைப்படுத்துக.
1. உடைந்த கைகள் 2. கேட்டுச் சிரித்தோம் 3. நின்ற தூண்கள்

உ) செயல்திட்டம்
உங்கள் குடும்பம் மும்பைக்கு வந்த காலத்தில் நீங்கள் வாழும் பகுதி எவ்வாறு இருந்தது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் கூறியவாறே பத்துத் தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.