வளையம் இறுகாத டாட்டிங்

கேள்வி: 80-ஆம் எண் நூலில் டாட்டிங் லேஸ் போட்டால் வளையம் இறுகுவதில்லை; இழுத்தால் நூல் அறுகிறது. ஏன்?
– வாசகி, நெய்வேலி.

பதில்: சகோதரி, குற்றம் நூலின் மென்மையில் இல்லை; ஓடத்து (ஷட்டில்) நூல் விறைப்பாக நிற்க, விரலைச் சுற்றிய நூலே அதன்மேல் முடிச்சாக விழவேண்டுமென்ற பிரதான நியமம் இரட்டை முடிச்சின் ஏதோவொரு பாதியில் பங்கமுற்று, ஓடத்து நூலே முடிச்சாகப் பூட்டிக்கொண்டதுதான் காரணம். தடித்த 20-ஆம் எண் நூலில் கண்ணுக்கே தெரியும் இப்பிழை, எண் ஏற ஏற நூல் மெலிவதால், 80-இல் விரலுக்குத்தான் புலப்படும். ஆதலால் ஒவ்வொரு முடிச்சுக்குப் பின்னும் ஓடத்து நூலைச் சற்றே இழுத்து, அது வழுக்குகிறதா என்று பரீட்சித்த பிறகே மேலே செல்லுங்கள். 1820-களில் மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் வளர்த்த லேஸ் வேலையிலேனும் திண்டும் குண்டூசியும் துணை நிற்கும். உங்களுக்கோ விரல்களே திண்டு! ஓடத்தை அவ்வப்போது தொங்கவிட்டு நூலின் முறுக்கைத் தளர்த்துங்கள். பழுப்பு நிலக்கரி நகரவாசியாகையால், தூசு படியாதிருக்க வெண்ணூலை மூடிய டப்பாவில் வைப்பதும் உசிதம்.