மழை ஊரா, வெயில் ஊரா?

மழை விடுமுறை என்றால் மகிழாத மாணவர் உண்டா? "ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நகரில் வாழ்ந்தால் எப்படி இருக்கும்!" என்று நீங்களும் எண்ணியிருப்பீர்கள். திருப்பூர் வேலம்பாளையத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள். வெயிலை நம்பித் துணி காயப்போடுபவர் முகம் சுளிப்பார். கிணற்றை எட்டிப் பார்க்கும் குடியானவரோ கையெடுத்துக் கும்பிடுவார். யார் பக்கம் நியாயம்? இயற்பியலைத் துணைக்கு அழைப்போம்.

முதலில் மழையை அளப்போம். திருப்பூர்ப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் சுமார் 1,400. மழைக்குப் பெயர்போன லண்டனிலோ சுமார் 600தான்! ஆனால் லண்டன் மழை ஆண்டில் நூறு நாட்களுக்கு மேல் சிறுகச் சிறுகச் சிந்துகிறது. நமக்கு வருவதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. எனவே மழைமானியை மட்டும் பார்த்தால் போதாது. காற்றின் ஈரத்தையும் பார்க்கவேண்டும்.

ஆனி, ஆடியில் நம் மீது வீசும் காற்று அரபிக்கடலிலிருந்து வருவது. அது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலேயே தன் மழையில் பெரும்பகுதியை இறக்கிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியே நம்மிடம் வருகிறது. மழை குறைந்துவிட்டது, வேகம் குறையவில்லை. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுழல்வதும், கொடியில் போட்ட பனியன் விரைவில் காய்வதும் இந்தக் காற்றினால்தான்.

துணி காய்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால், இன்னும் 15 கிராமுக்கு இடம் இருக்கிறது. மழைநாளில் அது 90 விழுக்காடானால்? 3 கிராமுக்குத்தான் இடம்! அதாவது ஐந்தில் ஒரு பங்கு. உங்கள் உடலின் வியர்வைக்கும் இதே கணக்குதான்.

வெயில் இல்லையென்றால் இயந்திரத்தில் உலர்த்தலாமே என்பீர்கள். உலர்த்தலாம். ஆனால் ஒரு கிலோ நீர் ஆவியாவதற்குச் சுமார் 2,400 கிலோ ஜூல் உள்ளுறை வெப்பம் வேண்டும். 100 கிலோ துணியில் 100 கிலோ நீர் இருப்பதாகக் கொள்வோம். அதைப் போக்க, எவ்வித இழப்பும் இல்லையென்றாலும், சுமார் 67 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் தேவை. சூரியன் இதற்குப் பில் அனுப்புவதில்லை!

அப்படியானால் ஈரக்காற்று துணித் தொழிலுக்குப் பகையா? அவசரப்படவேண்டாம். பருத்தி இழை ஈரம் பெறும்போது வலுக்கூடும். மிக உலர்ந்த காற்றில் நூல் அடிக்கடி அறும். இங்கிலாந்தின் லங்காஷயரில் பஞ்சாலைகள் செழித்ததற்கு அங்குள்ள ஈரக்காற்றையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். அதுவும் போதாமல் அங்கே தறிக்கூடங்களுக்குள் நீராவியைச் செலுத்தினார்கள். நூலுக்கு நல்லதாக இருந்த அந்தப் புழுக்கம், வேலை செய்தவர்களின் உடலை வாட்டியது. கூடங்களின் ஈரப்பதத்துக்கு வரம்பு கட்ட 1889இல் ஒரு சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. நகரத்தின் நன்மை தீமைகளை எடைபோடும்போது, நன்மை யாருக்கு என்றும் கேட்கவேண்டும் என்பது என் கருத்து.

இனிக் குடியானவரின் பக்கம். ஒரு சதுரமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 100 சதுரமீட்டர் மொட்டைமாடியில் 600 மில்லிமீட்டர் பெய்தால் 60,000 லிட்டர்! நாளுக்கு 500 லிட்டர் செலவழிக்கும் குடும்பத்துக்கு 120 நாட்களுக்கு வரும். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது வீணாக அன்று. மறுபுறம் மேகாலயத்துச் சிரபுஞ்சியைப் பாருங்கள். 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரை 26,461 மில்லிமீட்டர் பெய்து உலகச் சாதனை படைத்த ஊர் அது. அங்கும் குளிர்காலத்தில் குடிநீருக்கு அலையும் மக்கள் உண்டு. சரிவான நிலத்தில் நீர் நிற்பதில்லை.

"மழை நிறையப் பெய்திருந்தால் நொய்யல் சாயக்கழிவால் கெட்டிருக்காது" என்றும் சிலர் சொல்வார்கள். மழை உப்பின் செறிவைக் குறைக்கும். உப்பின் நிறையைக் குறைக்காது. அது காவிரிக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். கழிவுநீரை வெளியே விடாத முறை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டது. அம்முறையில் கடைசியாக எஞ்சும் உப்புநீரை ஆவியாக்கவேண்டும். மீண்டும் அதே உள்ளுறை வெப்பம்! இங்கும் வெயிலும் உலர்காற்றும் உதவிக்கு வருகின்றன. ஓயாத மழை வராது.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். ஒரு பருத்திப் பனியனை நனைத்துப் பிழிந்து, எடைபோட்டு, நிழலில் தொங்கவிடுங்கள். அரைமணிக்கு ஒருமுறை எடையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். அதே பனியனைக் கொண்டு ஆடிக்காற்று வீசும் நாளிலும், ஐப்பசி அடைமழை நாளிலும் இதைச் செய்யுங்கள். இரு கோடுகளின் சரிவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மழைநாளில் மின்விசிறிக்குக் கீழே தொங்கவிட்டால் கோடு எப்படி மாறும்? காரணம் என்ன?