பழசா, புதுசா? அப்பாவாகப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பட்டியலைப் படித்தேன். கார் சீட்டில் தொடங்கி நகவெட்டி வரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘பழசா, புதுசா?’ என்று கேட்டிருக்கிறாய். பிள்ளை பிறக்கும் முன் எதையும் வாங்கக் கூடாது என்று உன் மாமியார் சொல்கிறார். அலுவலக நண்பர்களோ ஆளுக்கொரு மூட்டை தரத் தயாராக இருக்கிறார்கள். முதல் குழந்தைக்குப் போய்ப் பழசா என்று உன் மனசு அடித்துக்கொள்கிறது.

அந்த உறுத்தலை முதலில் விடு. நம் வீடுகளில் பிறந்த குழந்தையை முதலில் சுற்றுவதே பழைய வேட்டியில்தான். பலமுறை துவைத்துக் கஞ்சியும் மிகைச் சாயமும் போன பருத்தி, பச்சை உடம்புக்கு இதமாக இருக்கும். பல வீடுகளில் புதுச் சட்டை பெயர் வைக்கும் நாளில்தான் வரும். ஆகவே பழசு என்பது குறையே இல்லை. நீ பார்க்க வேண்டியது வேறு: அந்தப் பொருளின் கோளாறு கண்ணுக்குத் தெரியுமா? வேட்டி நைந்தால் தெரியும். கிண்ணம் நெளிந்தால் தெரியும். அப்படிப்பட்டதைத் தாராளமாகப் பழசாக வாங்கிக்கொள். கோளாறை உள்ளே வைத்துக்கொண்டு ஆபத்து நேரத்தில் மட்டும் காட்டுகிற பொருளைப் புதிதாக வாங்கு.

கார் சீட் இரண்டாம் வகைக்குச் சரியான உதாரணம். ஒரு விபத்தைத் தாங்கிய சீட் வெளியே பளபளவென்றுதான் இருக்கும். உள்ளே மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். பெல்ட்டின் இழை இழுபட்டிருக்கலாம். நம் ஊர் வெயிலில் நிறுத்தும் காருக்குள் கிடந்து கிடந்து பிளாஸ்டிக்கும் தளரும். அதனால்தான் சீட்டின் அடியில் தயாரித்த தேதியும், பல நிறுவனங்களின் சீட்டில் காலாவதித் தேதியும் அச்சிட்டிருக்கும். வாங்கும்போது ஆர் 129 அல்லது ஆர் 44 என்ற தர எண் உள்ள ஒட்டுச்சீட்டு இருக்கிறதா என்று பார். கைக்குழந்தையின் சீட்டைப் பின்னோக்கிப் பார்த்தபடி, பின்னிருக்கையில் பொருத்து. முன்பக்கம், ஏர்பேக் இருக்கும் இடத்தில் அதை வைக்கவே கூடாது. மடியில் வைத்துக்கொள்கிறோமே என்று யாராவது சொன்னால் கேட்காதே. மோதும் கணத்தில் எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. 14 வயதுக்கு உட்பட்டவரை இப்படிப் பாதுகாப்பில்லாமல் காரில் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம்.

ஹெல்மெட்டுக்கும் இதே கணக்குதான். இரு சக்கர வண்டியில் ஏறும் 9 மாதம் முதல் 4 வயது வரையிலான குழந்தைக்கு அது கட்டாயம் என்று 2022இல் விதி வந்தது. ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் ஃபோம் ஒருமுறை நசுங்கினால் மறுபடி உதவாது. வெளி ஓடு அதைச் சொல்லாது.

அடுத்து, படுக்கை. ஒருவர் படுத்துப் பள்ளமான ஃபோம் மெத்தை வேண்டாம். சின்னக் குழந்தைக்குத் தட்டையான, அழுத்தமான படுக்கை தேவை. அதில் மல்லாக்கப் படுக்க வை. வேறு வீட்டிலிருந்து வந்த பழைய மெத்தைக்கும் குழந்தைகளின் திடீர் மரணத்துக்கும் தொடர்பு தென்பட்டதாக ஸ்காட்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. காரணம் மெத்தைதான் என்று அது நிறுவவில்லை. ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் சாமான்களையும் கவனி. பக்கவாட்டுக் கம்பி கீழே இறங்குகிற மரக்கட்டில் அங்கே 2011இலிருந்து விற்பனைக்கே தடை. ‘ராக் அண்ட் பிளே’ என்ற சாய்வுப் படுக்கை சுமார் 47 லட்சம் 2019இல் திரும்பப் பெறப்பட்டது. அந்த வகைச் சாய்வுப் படுக்கைகளையே 2022இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அங்கே விற்கக் கூடாதது இங்கே பாசத்தோடு வந்து இறங்கலாம். பெயரையும் மாடல் எண்ணையும் வைத்துத் தேடிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்.

நம் தூளிக்கு வருகிறேன். அம்மாவின் நூல் சேலை போதும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இழை விட்டிருக்கிறதா என்று பார். ஆனால் கயிற்றையும் கொக்கியையும் புதிதாக வாங்கு. ஸ்பிரிங் தொட்டிலானால் ஸ்பிரிங்கையும் மாற்று. அது தளர்ந்ததை அறுந்த பிறகே அறிவோம். தூளியில் குழந்தை இருக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். சேலையை முறுக்கிச் சுற்றி விளையாடும் பெரிய பிள்ளைகளின் கழுத்து இறுகிய செய்திகளை நீயும் படித்திருப்பாய். பரம்பரை மரத்தொட்டில் கிடைத்தால் மகிழ்ச்சி. கம்பிகளின் இடைவெளி ஆறு சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பெயின்ட் அடித்ததானால் யோசி. வீட்டு பெயின்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். பல் முளைக்கும் குழந்தை விளிம்பைக் கடிக்கும்.

பால் பாட்டில் வேண்டியிருந்தால் புதிது. கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் அழுக்கு தங்கும். ரொம்பப் பழையதில் பிஸ்பினால் ஏ கலந்த பாலிகார்பனேட் இருக்கலாம். நிப்பிள் எப்போதுமே புதிது. தாய்ப்பால் எடுக்கும் பம்ப், ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் வகையானால் கைமாறக் கூடாது. உள்ளே கசிந்து தங்கும் பாலை வெளிக்குழாயைக் கழுவிப் போக்க முடியாது. பாட்டியின் வெள்ளிப் பாலாடையை மட்டும் கேட்டு வாங்கிக்கொள். மூலை முடுக்கு இல்லாத அந்தச் சிறு கிண்ணத்தைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தால் வேலை முடிந்தது.

துணிமணிகள் எத்தனை மூட்டை வந்தாலும் சரி. மாதாமாதம் அளவு மாறும். புதிதாக வாங்கினால் பணம்தான் வீண். கழுத்தில் நாடா வைத்ததையும் தொங்கும் பொத்தானையும் கழித்துவிடு. ஒன்றை மட்டும் மறக்காமல் கேள்: துணி பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்ததா? அதிலிருக்கும் நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு ரத்த அணுக்களை உடைத்து, கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். யாருக்கு அந்தக் குறைபாடு என்று பார்த்தால் தெரியாது. அந்த வாசனை வரும் துணியை ஒதுக்கிவிடு. மற்றதைத் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போட்டுப் பயன்படுத்து.

பொம்மையில் 2021க்குப் பின் செய்ததானால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். பழையதோ புதியதோ, பட்டன் பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்படாத எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது. அந்தப் பேட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாய் புண்ணாகும்.

உன் பட்டியலில் ஒன்றைப் பழசாகவும் வேண்டாம், புதிதாகவும் வேண்டாம் என்று அடித்துவிட்டேன்: உட்கார்ந்து உருளும் வாக்கர். படியில் உருண்டு தலையில் அடிபடுவது அதிகம் என்பதால் கனடா 2004இலேயே அதைத் தடை செய்துவிட்டது. பிள்ளை எழுந்து நிற்கத் தொடங்கியதும், பின்னால் நின்று தள்ளும் நம் நடைவண்டியைத் தேடிக்கொள்ளலாம். அதிலும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

மாமியார் சொல்வதிலும் நியாயம் உண்டு. கார் சீட்டையும் படுக்கையையும் முடிவு செய்து வை, மற்றதைப் பிறந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். பழசு தருகிறவரிடம் மூன்று கேள்வி கேள்: எப்போது வாங்கியது, யார் பயன்படுத்தினார்கள், விழுந்ததோ மோதியதோ உண்டா? கூச்சப்படாதே. பதில் தெளிவாக வராவிட்டால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடு.

இரண்டு வருஷம் போனால் கொடுக்கும் இடத்தில் நீ இருப்பாய். அப்போது இந்த மூன்று கேள்விக்கான பதிலையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பொருளோடு கட்டிக் கொடு. காலாவதியான கார் சீட்டை யாருக்கும் தராதே. குப்பையில் போடும்போதும் பெல்ட்டுகளை வெட்டிவிட்டே போடு. எடுத்துப் போய்த் தங்கள் பிள்ளையை உட்கார வைக்கிறவர்கள் இருப்பார்கள்.

அன்புடன்,
அக்கா