அப்பாவைப் பார்த்துக்கிற நம்மள யாரு பார்த்துக்கிறது?



அப்பாவுக்கு பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகுது. வலது கை, கால் வராது, பேச்சும் இல்ல. படுக்கைப் புண் வராம இருக்க 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். அம்மாவுக்கு முட்டிவலி. அதனால ராத்திரி முழுக்க நான்தான். காலையில 9 மணிக்கு லேப்டாப் முன்னாடி உட்காரணும்.

போன ஆடி மாசம், ஒரு ராத்திரி 3 மணி இருக்கும். துணி மாத்தி அஞ்சு நிமிஷம்கூட ஆகல, திரும்பவும் நனைச்சிட்டார். "என்னப்பா, இப்பதானே மாத்தினேன்!"னு கத்திட்டேன். அவர் இடது கையால என் கையைத் தடவிக் கொடுத்தார். அப்புறம் எனக்குத் தூக்கமே வரல.

மறுநாள் 14416-க்கு போன் பண்ணேன். டெலி மானஸ், அரசாங்கத்தோட இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். அங்க பேசினவங்க என் அழுகையெல்லாம் கேட்டுட்டு, "கடைசியா எப்போ முழுசா தூங்கினீங்க?"ன்னாங்க. எனக்கு ஞாபகமே இல்ல.

எங்க ஆபீஸ்ல ராத்திரி சர்வர் விழுந்தா எழுந்து பார்க்க ஆறு பேர் முறை வச்சிருக்கோம். ஒருத்தருக்கு ஒரு வாரம்தான். ஒரே ஆளை தினமும் எழுப்பினா அவர் தப்பு பண்ணுவார்னு எல்லாருக்கும் தெரியும். சர்வருக்கு இருக்கிற அந்த முறை அப்பாவுக்கும் வேணும்னு எனக்குத் தோணவே இல்ல. பெத்த அப்பா, நான்தானே பார்க்கணும்னு ஒரு வீம்பு.

"யாராவது உதவுங்க"ன்னு ஃபேமிலி குரூப்ல போடாதீங்க. கும்பிடுற எமோஜிதான் வரும், நான் பார்த்துட்டேன். ஆளைக் கூப்பிட்டு, நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்க. சித்தப்பா பையன்கிட்ட "சனிக்கிழமை ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரைக்கும் அப்பாகூட இருப்பியாடா?"ன்னு கேட்டேன். உடனே சரின்னுட்டான். பெங்களூர்ல இருக்கிற அக்கா, மாத்திரை ஆர்டர், இன்சூரன்ஸ் போன் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா.

தமிழ்நாட்டுல இருக்கிறவங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல 'மக்களைத் தேடி மருத்துவம்' பத்தி விசாரிங்க. 2021-ல ஆரம்பிச்ச திட்டம். பிபி, சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து தர்றாங்க. படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு பிசியோதெரபியும் உண்டு.

சஷ்டி விரதம் இருக்கிறவங்களுக்கு ஒண்ணு. வெறும் வயித்தோட அப்பாவைத் தூக்கி, தலைசுத்தி ரெண்டு பேரும் விழப் பார்த்தோம். இப்பல்லாம் பாலும் பழமும் சாப்பிட்டுதான் விரதம்.

முதல் சனிக்கிழமை தூங்காம கதவுகிட்டயே காதை வச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டாவது வாரம் 7 மணி நேரம் தூங்கினேன். இந்த வாரம் தம்பிக்கு செமஸ்டர், வர முடியாது. அக்கா ரயில்ல வர்றா.