டைகர் டாங்கியும் ஏலமலை ஜீப்பும்

இரண்டாம் உலகப்போரின் வண்டி எது என்று போடிநாயக்கனூரில் வீடியோ கேம் ஆடும் பையன்களைக் கேளுங்கள். ஜெர்மனியின் ‘டைகர்’ டாங்கி என்பார்கள். அதைத் தோற்கடிக்க ஆளே இல்லை என்றும் சேர்த்துச் சொல்வார்கள். விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை அடைத்துக்கொண்டு போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பும் அதே போரில் பிறந்த வம்சம்தான். அதற்கு ரசிகர் மன்றம் கிடையாது!

ரஷ்யாவின் டி-34 டாங்கியைக் கண்டு மிரண்டுபோய்த்தான் டைகரைச் செய்தார்கள் என்பது பரவலான நம்பிக்கை. தேதி ஒத்துவரவில்லை. டைகரைச் செய்த ஹென்ஷெல் நிறுவனம் 1937லேயே கனரக டாங்கி வேலையைத் தொடங்கிவிட்டது. டைகருக்கு வழிவகுத்த ஹிட்லரின் உத்தரவு 1941 மே மாதம் வந்தது. ரஷ்யா மீது படையெடுத்தது ஜூன் 22இல். டி-34 அந்த வேலையை முடுக்கிவிட்டது, அவ்வளவே.

ஒரு டைகரை வீழ்த்த ஐந்து ஷெர்மன் டாங்கிகள் தேவை என்பதும் பாதிக் கதை. அமெரிக்கர்கள் ஐந்து ஐந்தாகத்தான் ஷெர்மன்களை அனுப்புவார்கள். எதிரே என்ன நின்றாலும் ஐந்துதான் போகும். பயத்தில், ஜெர்மனியின் இன்னொரு டாங்கியான பான்சர் 4ஐயும் டைகர் என்று எழுதிவைத்த சிப்பாய்கள் ஏராளம்.

சரி, டைகர் வெல்லவே முடியாததா? 88 மி.மீ. பீரங்கி, முன்புறம் 100 மி.மீ. எஃகுக் கவசம். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே எதிரி டாங்கியைத் துளைக்கும். அதில் பொய் இல்லை. ஆனால் எடை 57 டன், எஞ்சின் 700 குதிரைத்திறன். 540 லிட்டர் பெட்ரோல் நிரப்பினாலும் காடுமேட்டில் 100 கிலோமீட்டர் தாண்டுவதே பாடு. ரயிலில் ஏற்ற வேண்டுமென்றால் அகலச் சங்கிலியைக் கழற்றிக் குறுகிய சங்கிலி மாட்ட வேண்டும். சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. உள்சக்கரம் கெட்டால் வெளிச்சக்கரங்களைக் கழற்றாமல் தொட முடியாது. ரஷ்யக் குளிரில் அவற்றின் இடுக்கில் சேறு உறைந்து இறுகும். நடுவழியில் நின்றுவிட்டால் இழுக்க 18 டன் இழுவண்டிகள் மூன்று வேண்டும். 1942 ஆகஸ்ட் இறுதியில் லெனின்கிராட் அருகே முதன்முதலாகக் களமிறங்கியபோதே சில வண்டிகள் எதிரி சுடாமலே பழுதாகி நின்றன. பின்னாளில் பெட்ரோல் இல்லாமலும் பழுதாலும் சொந்தப் படையினரே வெடிவைத்துத் தகர்த்த டைகர்களும் ஏராளம். மொத்தம் செய்தது சுமார் 1,350. ஷெர்மன் 49,000ஐத் தாண்டியது. ஜீப் ஆறு லட்சத்துக்கும் மேல். மேட்டில் வண்டி ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

அதற்காகக் கனமே குற்றம் என்று முடிவுகட்டுவதும் தப்பு. ஆவடியில் உருவான இந்திய டாங்கி அர்ஜுன், டைகரைவிடக் கனம், 58.5 டன். அதில் இருப்பதும் ஜெர்மன் எஞ்சின்தான். ஆனால் 1,400 குதிரைத்திறன், சரியாக இரண்டு மடங்கு. எடையை மட்டும் சொல்லிவிட்டு எஞ்சினைச் சொல்லாத பேச்சை நான் நம்புவதில்லை.

டாங்கி மலை ஏறாது என்பது இன்னொரு நம்பிக்கை. 1948 நவம்பர் 1 அன்று, சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள காஷ்மீரின் ஸோஜிலா கணவாய்க்கு டாங்கிகளை ஏற்றியது இந்திய ராணுவம். பாதையைச் செப்பனிட்டுக் கொடுத்தவர்கள் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ். ஏறியவை டைகரின் எடையில் கால்பங்கே உள்ள ஸ்டூவர்ட் இலகுரக டாங்கிகள்.