வளரும் பிள்ளையின் நோய்: உடலும் மனமும்

பதின்வயதுப் பிள்ளைக்கு நீண்டநாள் நோய் வந்தால் உடலையும் மனத்தையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். பெங்களூருவில் மருத்துவமனைச் சமூகப் பணியாளராக இருக்கும் நான், இதை ஒரு நோயைக் கொண்டு விளக்குகிறேன்.

முதல்வகைச் சர்க்கரை நோயில் கணையம் இன்சுலின் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆகவே தினமும் இன்சுலின் ஏற்றியாக வேண்டும். பதின்வயதில் சிலர் எடை கூடிவிடுமோ என்று பயந்தோ, பள்ளியில் ஊசி போடக் கூச்சப்பட்டோ, மனச்சோர்வாலோ ஊசியைத் தவிர்க்கிறார்கள். அப்போது உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்க, கீட்டோன் என்னும் அமிலப் பொருள்கள் இரத்தத்தில் சேர்கின்றன. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அவசரச் சிகிச்சையில் பிழைத்து வந்த பிள்ளையிடம், ஊசியை ஏன் விட்டாய் என்று யாரும் அன்பாகக் கேட்காவிட்டால், அதே நிலை மறுபடியும் வரும். திட்டுவதால் பயனில்லை. சர்க்கரை நோய் மருத்துவர், மனநல மருத்துவர், உணவு ஆலோசகர், செவிலியர் ஆகியோர் கூடிப் பேசி ஒரே திட்டம் வகுக்க வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்துக்கென்றே தனித்துறை இருக்கிறது.

மனநோய்க்காக உள்நோயாளியாகச் சேர்ப்பதென்றால் பெற்றோர் அஞ்ச வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவரைப் பெரியவர்களிடமிருந்து பிரித்தே வைக்க வேண்டும். குடும்பத்தார் அல்லது துணையாள் ஒருவர் உடன் தங்க வேண்டும். சிகிச்சை விவரங்களைப் புரியும் மொழியில் கேட்டுப் பெறவும் உரிமை உண்டு.

இந்த உரிமை நம் குடும்பங்களுக்கு மிக முக்கியம். அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். டாக்டர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பேசுகிறார். நடுவில் நோயாளிப் பிள்ளையே மொழிபெயர்க்கிறது. "வாழவே பிடிக்கவில்லை" என்று டாக்டரிடம் சொல்ல நினைக்கும் பெண், அதையே தன் வாயால் அம்மாவுக்கு எப்படித் தமிழில் சொல்வாள்? மறைக்கத்தான் செய்வாள்.

ஆகையால் மருத்துவமனைக்குப் போகும்போது மூன்று காரியங்களை மறக்காதீர்கள்:

1. தமிழ் தெரிந்த பணியாளரைக் கேளுங்கள். பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள்.

2. டாக்டரிடம் பிள்ளை தனியாகப் பேசச் சிறிது நேரம் விடுங்கள்.

3. "உடல், மனம் இரண்டையும் பார்க்கும் மருத்துவர்கள் ஒருவரோடொருவர் பேசினார்களா?" என்று கேளுங்கள்.

மனக்கஷ்டத்தைத் தமிழிலேயே சொல்ல, 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. மேலே சொன்ன வாந்தி, மூச்சிரைப்பு கண்டால் மட்டும் போனில் பேசிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.